ஆய்வுக்கு ஓர் ஆள் குறைந்தபோது

நேற்று எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். அந்த வாடை வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். தார் வாடை ஒத்துக்கொள்ளவில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். முழுப் பொய்யும் இல்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது திருவண்ணாமலையில் நான் செய்த காரியம்.

தொண்ணூறுகளில், டாக்டருக்குப் படித்து முடித்து, மேற்படிப்பு ஆய்வுக்காக அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் கிரிவலம் போனால் பாதம் என்ன ஆகிறது என்பது தலைப்பு. போகும் முன் ஒரு சோதனை, வந்த பின் ஒரு சோதனை. கருவி என்று நான் பீற்றிக்கொண்டது, தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டிப் பேனா மூடியில் ஒட்டியதுதான். அதை உள்ளங்காலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சித்திரை வெயிலில் வெள்ளைக் கோட்டு வேறு. கைரேகைக்குப் பதில் கால்ரேகை பார்க்கிறவன் என்று நினைத்தவர்களும் உண்டு.

செங்கம் ரோட்டில் மல்லிகா அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். இரண்டு வேளையும் எனக்கு அங்கேதான். காரச் சட்னி தீர்ந்துபோனாலும் எனக்கென்று ஒரு கரண்டி ஒளித்து வைத்திருப்பார். அவருக்கும் சர்க்கரை. நூறு பேர் வேண்டிய ஆய்வில் தொண்ணூற்றொன்பதோடு நான் தவிப்பதைப் பார்த்து, தானே வருவதாகச் சொன்னார். சித்ரா பௌர்ணமி மதியம் கடைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துச் சோதித்தேன். இரண்டு காலிலும் ஓர் இடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட காலை வெறுந்தரையில் வைக்கவே கூடாது.

அவரே கேட்டார். "கால் மரத்துப்போன மாதிரி கீது தம்பி. இந்த வாட்டி செருப்பு போட்டுக்கினு சுத்தட்டுமா? நீ சொன்னா போட்டுக்கிறேன்."

செருப்புப் போட்டால் ஆய்வில் சேர்க்க முடியாது. இன்னொருவரைப் பிடிக்க அடுத்த பௌர்ணமி வர வேண்டும். அதற்குள் பேராசிரியர் கொடுத்த கெடு முடிந்துவிடும்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. எப்பவும் போல போங்க" என்றேன். படித்தவன் சொன்னால் சரி என்று இரண்டு மணி வெயிலில், கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு கிளம்பிவிட்டார்.

மறுநாள் சோதனைக்கு வரவில்லை. கடையும் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். ஈரத்துணி சுற்றிய கால்களை முக்காலிமேல் வைத்திருந்தார். துணியை விலக்கினால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்திருந்தது.

"சுடவே இல்ல தம்பி. வூட்டுக்கு வந்து ரத்தத்த பாத்துதான் தெரிஞ்சுது" என்றார். பிறகு, "உன் பரிட்சை ஒண்ணும் கெட்டுப்போலயே?" என்று கேட்டார்.

நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு நழுவினேன். வலது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள் என்று அப்புறம் காதில் விழுந்தது. போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கடை வழியே வராமல் சந்து சந்தாகச் சுற்றினேன். வெட்கங்கெட்டவன். ஆய்வேட்டில் அவர் பெயருக்கு நேரே, இரண்டாம் சோதனைக்குத் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, தொண்ணூற்றொன்பது பேரே போதுமே என்று சாதாரணமாகச் சொன்னார்.

சில வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்கும் துணிச்சல் வந்து திரும்பப் போனேன். கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு இருந்த சந்தில் மூன்று மாடி விடுதி. நாலைந்து பேரைக் கேட்டேன். எப்போதோ காலி பண்ணிவிட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். ஆய்வேட்டில் நான் எழுதியது பொய். இப்போது நிஜமாகவே தேடுகிறேன், அக்கா கிடைக்கவில்லை.