சில்லு வட்டமாக வரும்வரை

கச்சு முகம்மது நானா ஒரு ரீவியைக் கழற்றினால், அது பேசும்வரை மூடமாட்டார். "ஏலாது" என்று எந்தப் பெட்டியையும் அவர் திருப்பிக் கொடுத்ததை நான் கண்டதில்லை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் ஊர் தண்ணீரூற்றை விட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்து முகாமில் பன்னிரண்டு வருடம் றேடியோ திருத்தியவர். சமாதானம் வந்ததும் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி, என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் கடை போட்டார். ஒரு வீடியோ கமெராவும் வைத்திருந்தார். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான்.

இரண்டாயிரத்து நான்கில் என் அக்கா நாகேஸ்வரியின் மகள் சாரங்காவுக்கு லண்டன் சம்பந்தம் ஒன்று பேசி வந்தது. முதலில் போட்டோ அனுப்பினோம். பிடித்துவிட்டது. பிறகு, அந்நாளைய வழக்கப்படி, பிள்ளை நடப்பதையும் கதைப்பதையும் காட்டும் வீடியோ கசற் கேட்டார்கள். நானாதான் எடுத்தார். சீலை கட்டிய சாரங்கா, பக்கத்தில் அக்கா, பின்னால் வீட்டுக் கிணறு.

மூன்று கிழமையில் மாப்பிள்ளையின் தமக்கை சிவனேஸ்வரி தொலைபேசியில் பாய்ந்தாள்.

"போட்டோவில மெல்லிசா இருந்த பிள்ளை கசற்றில என்ன இந்தப் பருமன்? பழைய படத்தை அனுப்பி எங்களை ஏமாத்தப் பாத்தியள்!"

சாரங்கா ஊதினால் பறக்கிற உடம்பு. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அக்காவோ அழுதுகொண்டு நேரே நானாவிடம் போனாள்.

"உங்கட கமெராதான் என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்தது!"

நானும் சேர்ந்து கத்தினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கசற்றின் பிரதியைத் தன் ரீவியில் போட்டுக் காட்டினார். சாரங்கா சாரங்காவாகத்தான் இருந்தாள்.

"கமெராவில பிழையில்லை, தங்கச்சி. ஆனா எங்கயோ ஒரு பிழை கிடக்கு. கண்டுபிடிக்காமல் விடமாட்டன்" என்றார்.

அதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. சாரங்கா பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை விட வந்த தாய்மார் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். ஏமாற்றுக்காரக் குடும்பம் என்ற பேர் அவளைத் தின்றது.

ஒருநாள், லண்டனில் நடந்த கலியாணம் ஒன்றின் டிஸ்க்கை யாரோ நானாவின் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெனரேற்றரைப் போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளை முதல் ஐயர் வரை எல்லோரும் ஒட்டி உலர்ந்து நெடுநெடுவென்று நின்றார்கள்.

"லண்டனில சாப்பாடு இல்லையோ?" என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

நானா ஆட்களைப் பார்க்கவில்லை. மணமக்கள் வந்திறங்கிய காரின் சக்கரத்தை, அந்தச் சில்லைப் பார்த்தார். படத்தை நிறுத்தி, நூல் எடுத்துத் திரையில் வைத்து அளந்தார். உயரம் கூட, அகலம் குறைவு. சில்லு முட்டையாக நின்றது. டிஸ்க் கொண்டுவந்தவரிடம் துருவித் துருவி விசாரித்தார். லண்டனில் இப்போது வீட்டுக்கு வீடு அகலமான ரீவி, கமெராவும் அந்த அளவுக்குத்தான் எடுக்கிறது என்றார் அவர்.

நானா என் கடைக்கு ஓடிவந்தார்.

"ஆக்கள் மெலியேல்லை, யோகலிங்கம்! அவையின்ர அகலப் படம் எங்கட பெட்டிக்குள்ள நெருக்குப்பட்டிருக்கு. அப்ப எங்கட படம் அங்க போய் இழுபட்டிருக்கும். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் சாரங்கா இரண்டாம் கசற்றுக்கு மறுத்துவிட்டாள்.

"திரும்பவும் நடந்து காட்ட நான் என்ன மாடே, மாமா?"

"உன்னைக் காட்ட வேண்டாம் மகள், சில்லைக் காட்டுவம்" என்றார் நானா. "ஏமாத்தினது எண்ட சொல்லை அவை திருப்பி எடுக்கவேணும். அது எனக்கும் சேத்துத்தான்."

அதற்கு அவள் சம்மதித்தாள். பள்ளிக்குப் போகிற சட்டையோடு, தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானா முதலில் முன்சில்லைத் திரை நிறையக் காட்டினார். தன் குரலையும் பதிந்தார்.

"ரிமோட்டில படத்தின்ர அகலத்தை மாத்துங்கோ. இந்தச் சில்லு வட்டமா வரும்வரைக்கும் அமத்துங்கோ. அதுக்குப் பிறகு பிள்ளையைப் பாருங்கோ."

ஒரு மாதத்தில் சிவனேஸ்வரி மறுபடி தொலைபேசி எடுத்தாள். தொலைபேசிக் கடையில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்ட அவள் குரல் தேனாகியிருந்தது. சில்லு வட்டமாக வந்துவிட்டதாம், பிள்ளை போட்டோவில் உள்ளபடியே இருக்கிறாளாம், தம்பிக்கு நல்ல விருப்பமாம், நாள் பார்க்கட்டுமாம். அக்கா சந்தோசத்தில் விம்மினாள். சாரங்கா தாயிடமிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அக்கா, ஏமாத்தினனாங்கள் எண்டு சொன்னனீங்கள். அது பிழைதானே?"

"ஓம் பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளும். எல்லாம் இந்த ரீவி செய்த வேலை."

"சந்தோசம். ஆனா எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அந்தக் கசற்றில அம்மாவும் பருத்துத்தான் தெரிஞ்சிருப்பா. எங்கட கிணறும் நசிஞ்சுதான் கிடந்திருக்கும். உங்கட தம்பி அதுகளை ஒண்டும் பாக்கேல்லை. என்னை மட்டும்தான் அளந்து பாத்திருக்கிறார்."

வைத்துவிட்டாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டாள். ஏச வாயெடுத்த எனக்கு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பெருமை பொங்கிவந்தது.

வாசலோடு நின்ற நானா கிட்ட வந்து ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்தவையோ, மகள்?"

"ஓம், மாமா."

"அப்ப என்ர வேலை சரி."

சாரங்கா மணிக்கூட்டைப் பார்த்தாள். பள்ளிக்கு நேரமாகியிருந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தாள்.