ஏழுமலை வீட்டு வைரஸ்

ஊசியோடு வருகிறவளை வாசலில் யாரும் சிரித்து வரவேற்பதில்லை. கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் உடம்பில் இருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், மரபணுவில் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கு ரத்தம் எடுப்பவள் நான். செஞ்சியைச் சுற்றி நான் ஏறாத பஸ் இல்லை. ஐஸ் பெட்டியும் கையுமாக அலைகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

மீன் இல்லைங்க

அவலூர்பேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா என் பெட்டியைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா மீனும்மா இது? நாத்தம் தாங்கல."

"மீன் இல்லைங்க, ரத்தம்" என்றேன். அவர் எழுந்தார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் எழுந்தார். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஒருத்தி. கண்டக்டர் நசுங்கியபடி வந்து சொன்னார்: "மேடம், மீனுன்னே சொல்லியிருக்கலாம். இப்ப எல்லாரும் என் தலைமேல நிக்கறாங்க."

பங்காளி வகை

ஏழுமலை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. கல்லீரலில் கட்டி, வைத்தியம் நடக்கிறது. வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இந்த வைரஸில் பல வகை உண்டு, உங்களுடையது 'டி' வகை என்று அவரிடம் விளக்கினேன்.

"கோவிந்தனுக்கு இன்னா வகை?" என்றார் உடனே. கோவிந்தன் பக்கத்து வீட்டுப் பங்காளி. அவருக்கும் இதே நோய். இருவருக்கும் வரப்புத் தகராறு வேறு. அடுத்தவர் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எனக்கும் டி தான்!" என்று குரல் வந்தது. ஏழுமலை முகம் சுருங்கிவிட்டது. "யம்மா, எனக்கு வேற எழுத்து இருந்தா பாத்துப் போட்டுக் குடு."

மாத்தல்

அவர் மனைவி சரோஜாவிடம், "வைரஸ் தன்னையே நகல் எடுக்கும்போது தப்பு பண்ணும். அப்படித்தான் உங்க வீட்டுக்காரர் உடம்புல அது கொஞ்சம் மாறியிருக்குது" என்றேன். கைகூப்பி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். விஞ்ஞானத்தை இவ்வளவு நன்றாக விளக்கிவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் கேட்டார்: "எந்த ஊருக்கு மாத்தல் ஆயிருக்குது மேடம், எப்ப கெளம்பும்?"

ஜிம் பாடி

மனைவி, மகன், மகள் என்று வீட்டிலிருப்பவர்களையும் சோதிக்க வேண்டும். மகன் குமரன் ஜிம்முக்குப் போகிறவன். அவன் கை என் தொடை அளவு. "ஊசியெல்லாம் எனக்கு மேட்டரே இல்ல மேடம்" என்று சட்டையைச் சுருட்டினான். நான் பஞ்சில் ஸ்பிரிட்டைத்தான் ஊற்றினேன். அந்த வாசனைக்கே ஆள் மல்லாட்டை மூட்டைமேல் சாய்ந்துவிட்டான்.

நோயாளி கட்டிலைவிட்டு எழுந்து வந்து துண்டால் மகனுக்கு விசிறினார். "கேன்சர் எனக்குடா, நீ எதுக்குடா படுத்துக்கினே?"

தட்டு

அன்றைக்குத்தான் கவனித்தேன். ஏழுமலையின் தட்டும் டம்ளரும் மாட்டுக் கொட்டகையில் இருந்தன. யாரோ ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதைக் கேட்டு, மாதக்கணக்கில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். கூடவே சாப்பிட்டால் வராது, ரத்தம் படுகிற பிளேடு மாதிரி சாமானைத்தான் பகிரக்கூடாது என்றேன். நம்பவில்லை. அவர் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்துக் காட்டினேன். அந்த மனுஷன் கொட்டகையிலிருந்து தட்டை எடுத்துவந்து கழுவ ஆரம்பித்தார்.

ரிசல்ட்டோடு போனபோது நடுவீட்டில் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி, மகன், மகள் யாருக்கும் வைரஸ் இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். குமரன், "நைனா, சாப்புடு" என்றான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பசங்களுக்குச் சொத்துன்னு ஒண்ணும் வெக்கல மேடம். நல்ல வேள, இதையும் வெக்கல."

மொத்தத்தில், இந்த ஆராய்ச்சியில் வாயே திறக்காத ஒரே ஆசாமி வைரஸ்தான்.