மஞ்சள் பையா, வெள்ளைப் பையா?

போன வாரம் என் பத்தி ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

புக்கிட் செலம்பாவில் என் மனைவியின் அண்ணன் குணாவுக்குச் சின்னதாய் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ரப்பர் செருப்போடு ராஜநடை போட்டேன். குதிகாலில் முள் ஏறியது. பற்பசை தடவினால் போதும் என்று முடிவு செய்தேன் - நமக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்!

கால் வீங்கியது. உடம்பு உதறியது. மனைவியை 'சார்' என்று கூப்பிட்டேனாம். கல்யாணமானதிலிருந்து நான் கொடுத்த முதல் மரியாதை... பயந்துபோய் அண்ணனோடு என்னைக் காரில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். "தொற்று உடம்பெல்லாம் பரவிடுச்சி. பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு" என்றபடியே ஆன்டிபயாட்டிக் போட்டார். கூடவே நிறமே இல்லாத ஒரு தண்ணீர்ப் பையை மாட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் தொங்கியதோ மஞ்சள் பை! குணாவுக்குப் பொறுக்குமா?

"என்னா டாக்டர்? அந்த ஆளுக்கு மஞ்சளு, எங்க மாப்ளைக்கு மட்டும் பச்சத் தண்ணியா? எஸ்டேட்டு ஆளுன்னு நெனச்சிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி இல்லண்ணே. ரத்தத்துல இருக்கிற மாதிரியே உப்பெல்லாம் அளவா சேர்த்தது. வெறும் உப்புத் தண்ணிய நெறைய ஏத்தினா கிட்னிக்கு ஆகாதுன்னு பாத்துதான் எடுத்தோம்."

"அப்ப குளுக்கோஸாவது போடுங்க லா. ஆளு தொவண்டு கெடக்கான்!"

"அது ரத்தக்குழாயில நிக்காதுண்ணே. பிரஷர் ஏறாது."

"சரி... மஞ்சளு?"

"அது புரதம். இது நெறைய ஏத்தியும் போதலன்னா, அப்ப பாக்கலாம்."

அவ்வளவுதான். குணா கட்சி மாறிவிட்டார்! வெள்ளைப் பையைக் கும்பிட்டார். பிரஷர் மெஷினைப் பார்த்து, "ஏறு லா, ஏறு" என்று கெஞ்சினார். எனக்கோ பாதி மயக்கம். 'போதலன்னா' என்ற ஒரு சொல் மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை கண் விழித்தேன். தலைக்கு மேலே, வெள்ளைப் பைக்குப் பக்கத்தில்... மஞ்சள் பை!

போதவில்லை. கதை முடிந்தது. மனைவியை ஒருமுறை பெயர் சொல்லியாவது கூப்பிட்டிருக்கலாமே!

"மிஸ்ஸீ!" என்று நர்ஸைக் கூப்பிட்டு அலறினேன்.

நர்ஸ் ஓடி வந்தார். மேலே பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். "யாரு இத இங்க மாட்டினது?"

நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த குணா துள்ளி எழுந்தார். "நாந்தான் மிஸ்ஸி. கேன்டீன்ல பிளாஸ்டிக் பையில புங்குஸ் கட்டி வாங்கின ஆரஞ்சுத் தண்ணி. கீழ வெச்சா ஊத்திக்கும்ல... கொக்கி சும்மாதான் இருந்திச்சி."

அப்போதுதான் ஸ்ட்ரா என் கண்ணில் பட்டது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினைப் பார்த்தார். "பிரஷர் நல்லா ஏறியிருக்கு அங்கிள். இனி பயமில்ல."

குணா என் தோளைத் தட்டினார். "பாத்தியா மாப்ளே? மஞ்சள மாட்டின ஒடனே ஏறிடுச்சி!"

என்னைக் காப்பாற்றியது வெள்ளைப் பைதான்... ஆனால், தயவுசெய்து குணாவிடம் சொல்லிவிடாதீர்கள்!