ஹாலில் காய்ந்த குறுவை

இருபது வருஷத்துக்குப் பக்கம் இருக்கும். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற சாலையை ஒட்டி, வயலை மேடாக்கி மனை போட்ட ஒரு புது நகரில் நாங்கள் வீடு கட்டி முடித்த ஐப்பசி மாதம். நகர் என்று பெயர்ப்பலகைதான் பெரிதாக இருந்தது. வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுவில் இருந்த காலி மனைகளில் மாடு மேய்ந்தது.

என் கணவர் அப்போது சவூதியில் இருந்தார். அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை நின்று பார்த்தது நானும் என் மாமியாரும்தான். கொத்தனாரிடமும் கம்பி கட்டுகிறவரிடமும் கத்திக் கத்தி, ஏற்கெனவே நீளமான என் வாய் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருந்தது. போனில் கணவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஹால் மட்டும் பெருசா இருக்கட்டும்." ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு ஏழெட்டுப் பேரோடு வருஷக்கணக்கில் படுத்தவர். கையை நீட்டினால் யார் மேலும் இடிக்காத ஓர் இடம் வேண்டுமென்று ஏங்கியிருக்கிறார். அதனால் ஹாலை அப்படிக் கட்டினோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், "என்னத்துக்கு இவ்ளோ பெரிய ஹாலு? பஸ் கொண்டாந்து நிறுத்தப் போறீங்களா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஹாலுக்குப் போட்ட சந்தன நிற டைல்ஸை மாமி, அதாவது என் மாமியார், காவல் காத்த அழகைச் சொல்ல வேண்டும். வாசலில் ஈரச் சாக்கு போட்டிருப்பார். யாராக இருந்தாலும் அதில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஏணியின் காலுக்குக்கூடத் துணி சுற்றச் சொன்னவர் அவர்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வயல் இருந்தது. கோயில் நிலம் என்பதால் மனை ஆகாமல் தப்பியது. அதைக் குத்தகைக்குச் செய்தவர் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். எங்கள் நகர் இருக்கிற இடம் முழுவதும் ஒரு காலத்தில் ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். அதிலும் ஒரு பகுதி இவர்கள் குத்தகைதான். நிலத்தை விற்றபோது குத்தகைக்காரர்கள் எல்லாம் கொடி நட்டு, மண்வெட்டியோடு உட்கார்ந்து, தாசில்தார் வந்து பேசி, கடைசியில் ஏதோ ஒரு சமாதானத்தில் எழுந்து போயிருக்கிறார்கள். அந்த வருத்தம் பெரியவரின் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, ஆறவே இல்லை. எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு வரும்போதெல்லாம், "ஒங்க ஹாலு கெடக்குற எடம் எங்க நாத்தங்கா, தெரிஞ்சுக்க!" என்பார். நாற்று விடுகிற நாற்றங்காலைத்தான் அப்படிச் சொல்வார்.

தகராறு எதற்கு என்கிறீர்களா? ரோட்டுக்கு. மனு மேல் மனு கொடுத்து, தேர்தல் வந்த புண்ணியத்தில் எங்கள் தெருவுக்குத் தார்ச்சாலை வந்தது. "நாங்கள்தான் போட்டோம்" என்று இரண்டு கட்சிக்காரர்களும் போர்டு வைத்தார்கள். ஆனால் அதை முதலில் அனுபவித்தது நெல்தான். அறுத்த நெல்லைக் கொண்டுவந்து, கால் பொறுக்காத சூட்டில் கிடந்த புதுத் தாரில் கொட்டி, ஓரத்தில் கல்லை வைத்துவிட்டார்கள். ஸ்கூட்டர் ஒதுங்கிப் போக வேண்டும். நெல் சுணை பறந்து வந்து என் ஈரப் பெயிண்டில் ஒட்டியது.

"அக்கா, இது ரோடா, ஒங்க களமா?"

"எங்க களத்துமேலதான் தங்கச்சி நீ வீடு கட்டிருக்கே!"

தினமும் இதே பாட்டுதான். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், நகர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் எனக்கு ஆதரவாக ஒரு நோட்டீஸ்கூட ஒட்டிப் பார்த்தார். அதைக் கிழித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. மாட்டின் மேல் எனக்குச் சந்தேகம்.

குடிபுகுவது வெள்ளிக்கிழமை. வியாழன் காலையில் கணவர் திருச்சியில் வந்து இறங்குகிறார். போட்டோவில் மட்டும் பார்த்த வீட்டை முதன்முதலாக நேரில் பார்க்கப் போகிறார். புதன்கிழமை மத்தியானம் நானும் மாமியும் கடைசியாக ஹாலைத் துடைத்து முடித்து, முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வானம் கறுத்தது.

ரோட்டில் அவர்கள் நெல் முழுவதும் விரிந்து கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் முந்தின வருஷங்களில் குறுவையே இல்லை. வெகு நாளைக்குப் பிறகு அவர்கள் கண்ட நெல் அது. ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நனைந்து குவிந்தால் முளைத்துவிடும். இரண்டு பேரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினார்கள். மேலே மூடி என்ன பிரயோசனம்? முதல் தூறல் விழுந்த கொஞ்ச நேரத்தில் ரோட்டுச் சரிவில் தண்ணீர் ஓடிவந்து, நெல்லுக்கு அடியில் புகுந்தது. அக்கா அப்படியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் நெல்லைத் தன் பக்கம் அணைத்து இழுத்தார். அதைப் பார்த்ததும் நான் வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா! என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க, இங்க கொண்டாங்க!" என்று கத்தினேன். வழக்கமான சண்டைக் குரலில்தான் வந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை.

"நீ வேற ஏன்டி இந்த நேரத்துல..." என்று திட்ட ஆரம்பித்தவர், நான் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அப்புறம் நடந்தது ஒரு திருவிழா. அன்னக்கூடை, பக்கெட், குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி, பழைய சேலை என்று அவரவர் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடிவந்தது. நோட்டீஸ் ஒட்டிய செயலாளர் ஒரு கையில் குடை, ஒரு கையில் குப்பைவாரி. சற்று நேரத்தில் குடை போன இடம் தெரியவில்லை. அவர் மட்டும் நனைந்த பனியனோடு வாரிக்கொண்டிருந்தார். எல்லாருடைய காலிலும் சேறு. ஈரச் சாக்கை யாரோ முதல் நடையிலேயே எத்திவிட்டார்கள்.

நான் பயந்தபடி மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹால் நடுவில் நின்றார்.

"குமிச்சுக் கொட்டாதீங்க, சூடு ஏறிப்போயிடும்! மெலுசா பரப்புங்க! ஏம்மா, ஃபேனையெல்லாம் போடு!"

டைல்ஸ் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த மழை நாளில் கரண்ட் போகாமல் இருந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. புது மின்விசிறிகள் அத்தனையும் நெல்லுக்காகவே முதல் சுற்றுச் சுற்றின.

மழை விடவில்லை. மறுநாள் காலையிலும் பெய்துகொண்டே இருந்தது. அக்காவும் பெரியவரும் மாறி மாறிக் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வருஷக்கணக்கில் கனவு கண்ட ஹாலை என் கணவர் இந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன சொல்வார்? போனில் சொல்லியிருக்கலாம், அவர் விமானத்தில் அல்லவா இருந்தார்.

கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள் நனைய, வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சுவர் ஓரம் முதல் சுவர் ஓரம் வரை நெல். பெரியவர் பதறிப்போய், "பாய், தப்பா எடுத்துக்காதீங்க, மழை விட்ட ஒடனே அள்ளிடறோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கணவர் குனிந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். புது பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நெல்லுக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து அந்தச் சுவர் வரை போனார். பின்னாலேயே அழகாக ஒரு சால் விழுந்தது. திரும்பினார், பக்கத்திலேயே இன்னொரு சால்.

அக்கா வாயைப் பிளந்துவிட்டார். "பாய்க்கு இது தெரியுமா?"

"எப்புடிக்கா மறக்கும்? திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க அத்தாவும் குத்தகைதான். நெலத்தை விட்டுப் போகச் சொன்னாங்க, போயிட்டோம். அதுக்கப்புறம்தான் நான் கப்பல் ஏறினது."

அத்தா என்று அவர் சொன்னது அப்பாவை, மாமியின் கணவரை. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த நொடியே, "வந்தவன் சலாம்கூடச் சொல்லாம நெல்லுல எறங்கிட்டான் பாரு" என்று சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நெல்லைப் பாதி ஹாலுக்கு ஒதுக்கி, மீதிப் பாதியில் பாய் விரித்தோம். ஓத வந்த ஹஜ்ரத் நெல்லைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரிஸ்க் வந்து ஒக்காந்திருக்கே" என்றார். அல்லாஹ் அளக்கிற படியைத்தான் நாங்கள் ரிஸ்க் என்போம். பிரியாணிப் பந்திக்கு இடமில்லாமல் முழித்தபோது, முட்டைகூடச் சேர்க்காத செயலாளர் வீட்டம்மா தாமாகவே வந்து, "எங்க போர்ட்டிகோவுல போடுங்க. வீட்டுக்குள்ளதான் வரப்படாது, வாசனை வந்தா நாங்க ஒண்ணும் கேஸ் போட மாட்டோம்" என்றார். கும்பகோணத்துச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தை, அந்தப் போர்ட்டிகோ பிரியாணி என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து வெயில் அடித்தது. நெல்லை மறுபடி ரோட்டில் காயவைத்துக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றினார்கள். எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தியோடு பெரியவர் வந்தபோது, வீட்டுப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். சம்பா அறுப்பில் மறுபடி ரோட்டில் நெல், மறுபடி எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அதெல்லாம் மாறவில்லை.

ஹாலைக் கழுவிவிட்ட சில நாளில், தண்ணீர் போகிற ஓட்டையில் பச்சையாக ஒரு நாற்று நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பாத்தியா, எங்க நாத்தங்கா எடம் வேலையக் காட்டிருச்சு!" நான் முதன்முறையாக எதிர்த்துப் பேசாமல், "ஆமாக்கா, ஒங்க எடம்தான்" என்றேன். அவருக்கே சப்பென்று போய்விட்டது.

இப்போது எங்கள் நகரில் காலி மனையே இல்லை. என் பிள்ளைகள் ஹாலை மறித்து இன்னொரு அறை எடுக்கலாம் என்கிறார்கள். அவர்கள் அத்தா சம்மதிக்கவே இல்லை, நானும்தான். ஐப்பசியில் வானம் கறுத்தால் இன்னமும் என் கை தானாகவே வாசல் கதவின் இரண்டாவது பக்கத்துத் தாழ்ப்பாளுக்குப் போகிறது. நம் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கட்டும்போது தெரிவதில்லை. வெளியே யாரோ நனையும்போதுதான் தெரிகிறது.