மூக்கம்மாவுக்கு எட்டாத புகை

மூக்கம்மா என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. புகைப் பரிசோதனை நிலையத்துக்கு வந்த ஒரு லாரிக்காரர் வைத்தது.

பெரிய ரவுண்டானாவை ஒட்டிய பெட்ரோல் பங்கின் மூலையில் அந்த நிலையம் இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி, இரண்டு மெஷின்கள். பெட்ரோல் வண்டி வந்தால் சைலன்சருக்குள் மெல்லிய குச்சி ஒன்றை நுழைப்பாள். எந்த வாயு எவ்வளவு என்று முதல் மெஷின் சொல்லும். டீசல் வண்டியானால் டிரைவரிடம் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து மிதித்து விடச் சொல்வாள். இரண்டாவது மெஷின் அந்தப் புகைக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்று பார்க்கும். பதினோரு வருஷமாக அவள் செய்த வேலை இதுதான்.

ஒருநாள் அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. திரும்பாமலே, "டீசல். ஏர் ஃபில்டரை மாத்தி வருஷக்கணக்குல ஆச்சு. போய் மாத்திட்டு வாங்க, இப்ப வச்சா ஃபெயில்தான்" என்றாள். லாரிக்காரர் அசந்துபோனார். நம்பாமல் மெஷினையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஃபெயில்தான். "மெஷின் எதுக்கு, மூக்கம்மா இருக்கும்போது!" என்று அவர் சிரித்துவிட்டுப் போனதிலிருந்து முதலாளி முதல் பங்க் ஆட்கள் வரை எல்லாருக்கும் அவள் மூக்கம்மாவாகிவிட்டாள். அவளுக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவள் கணவர் வேன் ஓட்டினார். பதினோரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருகிற டீசல் வேன். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பதினோரு பேரும் இவர்கள் வீட்டுப் பேச்சில் எப்போதும் இருந்தார்கள். யாருக்குப் பல் விழுந்தது, யார் சாப்பாட்டு டப்பாவை மறந்தது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைகள் அவரை வேன் மாமா என்றார்கள், அவளைப் புகை அத்தை என்றார்கள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் அது பெரும்பாலும் டீசலைப் பற்றித்தான் இருக்கும்.

"உள்ள வராதீங்க. சட்டையை வாசல்லயே கழட்டுங்க. கரி வாடை குடலைப் பிடுங்குது."

"ஏம்மா, ஒரு லிட்டருக்கு என் வண்டி போற தூரத்தை உன் பெட்ரோல் வண்டி போகுமா? பாதி வழியில நாக்குத் தள்ளிடும்."

"தூரம் கிடக்கட்டும். அது விடுற கரி எந்தப் பிள்ளை நெஞ்சுக்குள்ள போய் உக்காருதுன்னு யோசிங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ரவுண்டானாவில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை அடுப்புத் துணி மாதிரி ஆகிவிடும். டீசல் என்றாலே அவளுக்கு ஆகாது. பெட்ரோல் வண்டிகள் அவள் கணக்கில் நல்ல பிள்ளைகள். கரி கிடையாது, வாடை கிடையாது, வந்து நின்றோம் போனோம் என்று இருக்கும்.

அந்த வருஷம் கணவரின் வேன் அவள் கையாலேயே ஃபெயில் ஆனது. வரிசையில் இன்னும் நாலு வண்டி நிற்க, எல்லார் முன்னாலும் அவள் அந்தத் தாளை அச்சடித்து அவரிடம் நீட்டினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழுது பார்த்து மறுபடி கொண்டுவந்தார். மயிரிழையில் மறுபடி ஃபெயில். அப்போதுதான் அவர் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. எழுந்த அன்று காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியபோது பால் பொங்கி வழிந்து அடி கருகி, சமையலறை முழுக்கப் புகை மண்டியிருந்தது. அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பை முகர்ந்தாள். கொடியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த அந்த டீசல் வாடையும் இல்லை. சட்டையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்துவிட்டாள். மூக்கு போய்விட்டது என்று மூக்கம்மா எந்த வாயால் சொல்வாள்?

சரியாக அந்த வாரம்தான் அவர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். பழைய டீசல் வேனைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்ரோல் வேனை எடுத்திருந்தார். அதுவும் கை மாறி வந்த வண்டிதான், ஆனால் பார்க்கப் புதுசு மாதிரி பளிச்சென்று இருந்தது.

"உனக்காகத்தான் மாத்தினேன். வா, வந்து முகர்ந்து பாரு."

பின்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"ஒரு வாடையும் இல்லைங்க" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

ஒன்றரை மாதத்தில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வேன் ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு வாரம் போயிருக்கும். கடைசி சீட்டில் உட்காரும் ஏழு வயசுப் பெண் பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். வேன் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார் அவள் அம்மா. பிறகு அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்கும் தலைவலி வந்தது.

ஒருநாள் சாயங்காலம் சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "என்னன்னே தெரியலைம்மா. பின்னாடி உக்காருற பிள்ளைங்க காலங்காத்தாலயே தூங்கி வழியுதுங்க. முன்ன எல்லாம் சத்தம் போட்டு வண்டியவே தூக்கிடுங்க."

"இறங்கினா?"

"கொஞ்ச நேரத்துல சரியாயிடுதாம்."

அவள் கை தட்டிலேயே நின்றது. "மழை இல்லாத நாள்ல?"

"ஜன்னலைத் திறந்துவிட்டா கலகலன்னு இருக்குங்க."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"என் பக்கத்து கண்ணாடி எப்பவும் கொஞ்சம் இறங்கித்தானே இருக்கும். புகை ஏதாச்சும் உள்ள வருதோன்னு எனக்கும் சந்தேகம்தான். ஆனா ஒரு வாடையும் இல்லை. நீயேதான் முகர்ந்து பாத்துட்டு சொன்னியே."

தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வாடையே தெரியலைங்க. ரெண்டு மாசமாச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு செத்துப்போச்சு. உங்க முகத்தைப் பாத்ததும் சொல்ல வாய் வரலை."

அவர் தட்டில் இருந்த குழம்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அதான் ரெண்டு மாசமா குழம்பு ஒரு மாதிரி இருந்துச்சா?" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவ. அதையும் குத்தம் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு பிள்ளையும் அந்த வண்டியில ஏறக் கூடாது. எல்லார் வீட்டுக்கும் இப்பவே போன் போடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு முன்பே முதலாளியை வரச்சொல்லி நிலையத்தைத் திறக்க வைத்தாள். முதலில் வழக்கம்போலச் சைலன்சருக்குள் குச்சியை விட்டாள். எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. பாஸ்.

"அப்புறம் என்ன? சர்டிபிகேட்டை அடி, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார் முதலாளி.

அவள் குச்சியைச் சைலன்சரிலிருந்து உருவினாள். மெஷின் சுத்தக் காற்றை இழுத்துப் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு வேனின் கடைசி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, குச்சியை உள்ளே விட்டு, இடுக்கைத் துண்டால் அடைத்தாள்.

"எதுக்கும்மா சீட்டுல வைக்கிறே? அங்க சைலன்சர் இல்லையே?"

"பிள்ளைங்க அங்கதானே இருக்கு, சார்."

மற்ற ஜன்னல்களை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, வெளியே நின்று பார்த்தார்கள். பூஜ்யம். ஐந்து நிமிஷம் ஆனது. பூஜ்யம்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாவது நிமிஷத்தில் கார்பன் மோனாக்சைடுக்கு நேரே 0.01 சதவீதம் என்று வந்தது. பிறகு 0.02. கடைசியில் 0.03.

"இவ்வளவுதானா?" என்றார் கணவர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"சைலன்சர்ல இது ஒண்ணுமே இல்லைங்க. ஆனா ஒரு பிள்ளை முக்கால் மணி நேரம் மூச்சு விடுற இடத்துல இது விஷம். தலைவலி, வாந்தி, தூக்கம்... இன்னும் கூடிச்சுன்னா எழுப்ப முடியாத தூக்கம். இதுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது."

வேனை மெக்கானிக் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. கடைசி சீட்டுக்குக் கீழே சைலன்சர் குழாயின் இணைப்பில் விரல்நீளத்துக்கு வெடிப்பு. அதற்கு நேர் மேலே, வேன் தளத்தில் ஓர் ஓட்டையை அடைத்திருந்த ரப்பர் மூடி எப்போதோ கழன்று விழுந்துபோயிருந்தது.

கணவர் கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டீசல் வேணாம்னே. சரின்னேன். இப்ப பெட்ரோல் இப்படிப் பண்ணுது. நான் எதுலதான் பிள்ளைங்களை ஏத்துறது?" என்றார்.

அவள் அவர் கையை விடாமலே பேசினாள்.

"தப்பு என் பேர்லயும் இருக்குங்க. டீசல் கரியைக் கக்குது, கண்ணு எரியுது, அதனால அதை மட்டும் திட்டினேன். அது ரோட்டுல போற எல்லாரோட நெஞ்சையும் கெடுக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த விஷவாயுவைப் பெட்ரோல்தான் அதிகமா விடும், டீசல்ல கம்மி. தினமும் மெஷின்ல அந்த நம்பரைப் பாக்குறவ நான். வாடை இல்லாததால மனசுல உறைக்கலை. எந்த வண்டின்னாலும் கவனிக்காம விட்டுட்டா கெட்டதுதான். பாத்துக்கிட்டே இருக்கணும், வேற வழியில்லை."

மூக்கு நன்றாக இருந்திருந்தால், அந்த வாயுவோடு கலந்து வந்த மற்ற புகையின் லேசான வாடையாவது அவளுக்குத் தெரிந்திருக்குமோ? அதை அவள் பல நாள் யோசித்தாள்.

அன்று மதியமே இருவரும் பதினோரு வீட்டுப் படியும் ஏறினார்கள். நடந்ததை மூடி மறைக்காமல் சொன்னார்கள். முதலில் அந்தச் சின்னப் பெண்ணையும் பக்கத்து சீட்டுப் பையனையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லி, கூடவே போனார்கள். நல்லவேளையாக ஒன்றும் இல்லை என்று வந்தது. சில வீட்டில் திட்டினார்கள், சில வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். சின்னப் பெண்ணின் அப்பா மட்டும், "இனிமே நாங்களே கொண்டுபோய் விட்டுக்கிறோம்" என்று கதவைச் சாத்திவிட்டார். வேன்காரர் அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

குழாயை மாற்றி, தளத்தை அடைத்து, அவள் மூன்று நாள் தொடர்ந்து உள்ளே குச்சி வைத்துப் பார்த்துப் பூஜ்யம் என்று நிச்சயப்படுத்திய பிறகுதான் வேன் மறுபடி ஓடியது. பத்துப் பிள்ளைகளோடு. அவளுடைய மூக்குக்கு எலுமிச்சை மட்டும் ஒருநாள் திரும்பி வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. வராவிட்டால் போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் மாதத்தின் முதல் சனிக்கிழமை பள்ளிக்கூட வேன்களை உள்ளேயும் பார்த்து அனுப்ப ஆரம்பித்தாள். அப்படிப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலாளி முதலில் முணுமுணுத்தார். மூன்றாவது வண்டியிலேயே மெஷின் 0.01 காட்டியதும் வாயை மூடிக்கொண்டு, டிரைவர்கள் காத்திருக்க இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வேன் வரிசையின் கடைசியில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வந்து நின்றது. அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல், "இதையும் உள்ள ஒரு தடவை பாத்துடுங்க. பொண்ணு இதுலதான் வர்றா" என்றார்.

பின் சீட்டில் குச்சியை வைத்தாள். இருவரும் வெளியே நின்று மெஷினையே பார்த்தார்கள். பதினைந்து நிமிஷம் போனது. பூஜ்யம்.

"நல்லா இருக்கு சார். கவலைப்படாதீங்க."

அவர் தலையாட்டினார். காரில் ஏறவில்லை. சாவியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்.

"தினமும் அழுகைங்க. வேன் மாமா வண்டியிலதான் போவேன்னு ஒத்தக் காலில நிக்கிறா" என்றார். பிறகு, "திங்கட்கிழமை உங்க வேன் எத்தனை மணிக்கு எங்க தெருவுக்கு வரும்?"

"ஏழே காலுக்கு வந்துடும், அண்ணா" என்றாள் அவள்.