ஒரு மட்சும் விளையாடாத ஓல்ஸ்டார் ரீம்

அப்பாவின் குளிர் ஜக்கெற்றில் எப்போதும் உருகிய பிளாஸ்ரிக் மணக்கும். ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் வார்க்கும் ஃபக்ரறி ஒன்றில் அவருக்குப் பின்னேர ஷிஃப்ற். நான் காலேஜால் வரும்போது ஆள் வேலைக்குப் போயிருப்பார். அந்த மணம் மட்டும் வாசலில் நிற்கும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலேஜ் பாஸ்கற்போல் ரீமில் நான் ஒருவன்தான் தமிழ்ப் பெடியன். உயரம் பெரிதாக இல்லை, ஆனால் நல்ல ஓட்டம் இருந்தது. இப்போது என் தொப்பை வண்டியைப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து சிரிக்கவேண்டாம்.

எங்கள் மட்ச் எல்லாம் பின்னேரங்களில். அப்பாவின் வேலையும் பின்னேரம். அதனால் அவர் நான் விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் தேத்தண்ணியோடு இருந்து, "நேற்று எப்பிடி?" என்று கேட்பார். வென்றோம் என்றால் தலையாட்டுவார். தோற்றோம் என்றாலும் அதே தலையாட்டல்தான்.

என் கடைசி வருஷம். ஒருநாள் பயிற்சி முடிய கோச் கூப்பிட்டார். லீக்கில் உள்ள எல்லாக் காலேஜ் கோச்மாரும் வோட் போட்டு, அந்த சீசனில் திறமாக விளையாடியவர்களைப் பொறுக்கி ஓல்ஸ்டார் ரீம் என்று அறிவிப்பார்களாம். அதில் என் பெயரும் இருக்கிறது என்றார். பஸ்ஸில் வரும்போது என்பாட்டில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "எப்பவாம் மட்ச்?"

எனக்கும் தெரியாது. திகதி பிறகு சொல்லுவார்கள் என்று நினைத்தேன். ரீவியில் பெரிய ஆட்களின் ஓல்ஸ்டார் மட்சைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பாவோ யாழ்ப்பாணத்தில் ஃபுட்போல் விளையாடியவர். அங்கே மாவட்ட ரீமுக்கு எடுபட்டால் கொழும்புக்குப் போய் விளையாடவேணும். ஆளைத் தெரிந்தெடுத்தால் விளையாட விடத்தானே வேணும்? இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ஜிம்மிலேயே பிளே-ஓஃப் மட்ச். தோற்றால் சீசன் முடிந்தது, எனக்குக் காலேஜ் விளையாட்டும் முடிந்தது. அப்பாவை வரச்சொல்லிக் கேட்டேன். நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டவை குறைவு. மனுசன் கனநேரம் யோசித்தார். புதுச் சுப்பவைசர் கடும் ஆள். வின்ரர் முடியும்வரை ஒரு நாள்தான் லீவு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தானாம்.

"உதுக்கு எடுத்தனெண்டா மற்றதுக்கு விடான். ஓல்ஸ்டாருக்கே வாறன். திறமான பெடியளுக்கை நீ நிண்டு விளையாடேக்கை பாக்கவேணும்."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிளே-ஓஃபில் தோற்றோம். ஆனால் அன்று விளையாடியது போல நான் அதற்கு முன்னும் விளையாடவில்லை, பின்னும் இல்லை. எறிந்த பந்தெல்லாம் உள்ளே போனது. கடைசி நிமிஷத்தில் சனம் எழும்பி நின்று கத்தியது. முடிந்தபிறகு மற்றப் பெடியளின் தகப்பன்மார் இறங்கி வந்து, வியர்வையோடு பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார்கள். நான் பெஞ்சில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன். பரவாயில்லை, இன்னும் ஒரு மட்ச் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள் காலை அப்பா கேட்டபோது, தோற்றதையும் சனம் எழும்பி நின்றதையும் சொன்னேன்.

சீசன் முடிவில் விருந்து வைத்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள். பெயர் பொறித்த பலகை ஒன்று தந்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் கோச்சிடம் போய், மட்ச் எப்போது என்று கேட்டேன். அந்த மனுசன் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. மட்ச் ஒன்றும் இல்லை, இது வெறும் கௌரவம், இந்த ரீம் சேர்ந்து விளையாடுவதே இல்லை என்று தோளில் கை வைத்துச் சொன்னார்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா ஃபக்ரறி முழுக்கச் சொல்லியாயிற்று. விருந்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் மட்ச் இருக்கும் என்று தானே கணக்குப் போட்டு, லீவும் கேட்டாயிற்று.

அடுத்த நாள் காலை சொன்னேன். பலகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"விளையாடாத ரீமுக்கு என்னத்துக்கு ஆள் எடுக்கிறாங்கள்?"

கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பலகையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப அண்டைக்கு வந்திருக்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு இந்தக் கதையை நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததே இல்லை.

கேட்ட லீவை அவர் எடுத்தார். எடுக்காவிட்டால் வேலையில் ஆட்கள் காரணம் கேட்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னாராம். நான் பின்னேரம் வரும்போது சோஃபாவில் இருந்தார். ரீவி போடவில்லை, லைற்றும் போடவில்லை. ஃபக்ரறிக்குப் போகாத ஒரு பின்னேரத்தில் என்ன செய்வதென்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை...

பிறகு வேலை, கலியாணம், அஜக்ஸில் வீடு. இப்போது மகள் பள்ளிக்கூட ரீமில் விளையாடுகிறாள். மட்ச் நேரம் ஃபோனுக்கே வந்துவிடுகிறது. தாய் தகப்பன் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். தவறவிட்டாலும் வீட்டில் இருந்து பார்க்கலாம். ஆனாலும் நான் ஒன்றும் விடுவதில்லை. "அப்பா, எல்லாத்துக்கும் வரத் தேவையில்லை," என்று அவள் அலுத்துக்கொள்வாள். நான் விளையாடியதற்கு ஒரு நிமிஷ வீடியோகூட இல்லை. அதைப் பார்க்கவேண்டியவரும் இப்போது இல்லை.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, அவரோடு வேலை செய்த அங்கிள் ஒருவர் வந்தார். கையைப் பிடித்தவர் விடவில்லை.

"தம்பி, நீர்தானே பாஸ்கற்போல் விளையாடினது? ஓல்ஸ்டார் மட்சுக்கு அண்ணை லீவெடுத்துக்கொண்டு வந்து பாத்தவரெல்லோ. நீர் பந்தைக் கொண்டு ஓடேக்கை சனம் எழும்பி நிண்டதாம். எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார்."

பக்கத்தில் நின்ற அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் அங்கிள்," என்றேன். "அப்பா முன்வரிசையில இருந்தவர்."