டிரம் கம்பளம்

மேடை வேலைக்கு வாற பிள்ளையளுக்கு இதை எழுதுறன்.

தொண்ணூறுகளில ஜெர்மனியில பீலெஃபெல்ட் எண்ட ஊரில ஒரு இசை மண்டபத்தில வாத்தியப் பெட்டி தூக்கினன். முகாமில என்னோட இருந்த பெடியன் செல்வனை அங்கை சேர்த்துவிட்டதும் நான்தான்.

ஒருக்கா பெல்ஜியத்தில இருந்து ஒரு பாண்ட் ரெண்டு நாள் வாசிக்க வந்தது. பங்க் எண்ட முரட்டு ராக் பாட்டு ஓய்ஞ்ச பிறகு வந்த வகை. கறுத்த உடுப்பு, சிரிப்பில்லை. எண்பதுகளில பள்ளிக்கூடச் சிநேகிதர் நாலு பேர் தொடங்கினது. கிட்டார்காரன் விலகி, மிச்சம் மூண்டு பேர்.

டிரம்மரின்ர கையாள் இடையில விட்டிட்டுப் போயிட்டான். முதல் நாள் நானும் செல்வனும் டிரம் பூட்ட உதவினம். டிரம்மர் சொன்னான்: "உங்களில ஒராளை மிச்ச ஊர்களுக்குக் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்குச் சொல்லுறன்."

எனக்குப் போகவேணும். ஜெர்மனியில நான் கண்டது அகதி முகாமும் இந்த மண்டபமும்தான்.

டிரம்முக்குக் கீழை விரிக்கிற கம்பளத்தில பியர் ஊத்துண்டு கிடந்தது. அடுத்த நாள் வெள்ளன வந்து கழுவினன். அங்கங்கை ஊத்தை பிடிச்ச டேப் துண்டுகள். எல்லாத்தையும் நகத்தால சுரண்டி எடுத்தன்.

மத்தியானம் டிரம்மர் வந்து பார்த்தான். சத்தம் போடேல்லை.

"என்ர டேப் எங்கை?"

டிரம் ஸ்டாண்டின்ர எந்தக் கால் எங்கை நிக்கவேணும் எண்ட அடையாளம் அது. எனக்குத் தெரியாது.

மண்டப முதலாளி சிரிச்சான். "நல்ல வடிவு. கலியாணவீட்டுக்கு விரிக்கலாம்."

செல்வன் குந்தியிருந்து டேப் கிழிச்சான். "நேற்றுப் பூட்டேக்க பார்த்தனான். பெரிய டிரம் இஞ்சை. சிம்பல் தட்டு இஞ்சை." டிரம்மர் இருந்து அடிச்சுப் பார்த்தான். ஒரு டேப்பை மட்டும் உரிச்சுக் கொஞ்சம் தள்ளி ஒட்டினான்.

அடுத்த நாள் செல்வன் அவையின்ர வான் வண்டியில ஏறினான்.

"கோவமோ அண்ணை?"

"இல்லை. போயிட்டு வா."

கடல் படம் போட்ட தபாலட்டை அனுப்பினான். அலுமாரிக்குப் பின்னால விழுத்திவிட்டன்.

பிறகு பாட்டுக்காரன் டிரம் அடிக்கிற மெஷின் ஒண்டு வாங்கினான். டிரம்மரை நிப்பாட்டினான். கொஞ்சக் காலத்தில பாண்டும் கலைஞ்சுது. செல்வன் திரும்பி வந்து என்னோட பெட்டி தூக்கினான். அண்டைக்கு எனக்குச் சந்தோசம்.

அது நிலைக்கேல்லை. டிரம்மர் பிரியேக்க கம்பளத்தைச் செல்வனுக்குக் குடுத்திருக்கிறான். இப்ப அவன்ர வீட்டு ஹோலில கிடக்குது, அவன் ஒட்டின டேப்போட. மனுசி அதைச் சுத்தித்தான் கூட்டுறா. வாற ஆக்களுக்கெல்லாம் கதை சொல்லுவான். என்ர பேர் வராது. அதுவும் எரிச்சல்தான்.

போன கிழமை அவன்ர வீட்டை போனன். ஒரு டேப் மூலை கிளம்பியிருந்தது. என்ர நகம் அதுக்குக் கீழை போயிட்டுது. பிறகு பெருவிரலால அமத்தி ஒட்டிவிட்டன்.

மேடையில ஒட்டியிருக்கிற எதையும் கேக்காமல் உரிக்காதேங்கோ.